தரைவழியாக எல்லை கடப்பது: இரண்டு முத்திரைக்கு நடுவே என்ன நடக்கிறது?

விமானத்தில் பலமுறை வெளிநாடு போய் வந்தவர்கள்கூட, சாலை வழியாகவோ ரயிலிலோ ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது தடுமாறுகிறார்கள். 2025-ல் வந்த செய்திகள் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டன. ஏப்ரலில் அட்டாரி-வாகா எல்லை ஒரே அறிவிப்பில் மூடப்பட்டது. ஜூன் இறுதியில் தாய்லாந்து, கம்போடியாவுடனான தரைவழிச் சாவடிகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியது. அக்டோபரில் ஐரோப்பா பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதைக் கைவிட்டு விரல்ரேகை, முகப்படம் என்று மாறத் தொடங்கியது. செய்தியாகப் படிக்கும்போது இவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை மாதிரி தோன்றும். ஆனால் தரைவழி எல்லை எப்படி இயங்குகிறது என்பது பிடிபட்டுவிட்டால், எது யாரைப் பாதிக்கும் என்பதை நீங்களே ஊகித்துவிடலாம். அதனால் அடிப்படையிலிருந்தே வருவோம்.

ஒரு கோடு இல்லை, நான்கு கவுன்டர்

வரைபடத்தில் எல்லை ஒரு கோடு. நேரில் அது ஒரு பாதை. சில இடங்களில் நூறு இருநூறு மீட்டர், மலைப்பகுதிகளில் பல கிலோமீட்டர்கூட நீளும். அந்தப் பாதையில் பொதுவாக நான்கு வேலைகள் இருக்கும், வரிசை மட்டும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறலாம்:

1. கிளம்பும் நாட்டின் குடிநுழைவுத் துறை, அதாவது இமிகிரேஷன், உங்கள் பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை குத்துகிறது, அல்லது கணினியில் பதிகிறது.
2. கிளம்பும் நாட்டின் சுங்கத் துறை நீங்கள் எடுத்துப் போகும் பணம், பொருள், வண்டி ஆகியவற்றைப் பார்க்கிறது.
3. போய்ச் சேரும் நாட்டின் குடிநுழைவுத் துறை உங்களை உள்ளே விடலாமா, விட்டால் எத்தனை நாளைக்கு என்று முடிவு செய்கிறது.
4. போய்ச் சேரும் நாட்டின் சுங்கத் துறை, நீங்கள் கொண்டுவருவதைப் பார்க்கிறது.

முதல் இரண்டும் ஒரு நாட்டின் சட்டம், அடுத்த இரண்டும் வேறொரு நாட்டின் சட்டம். ஒரு பக்க அதிகாரிக்கு மறுபக்க விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. "அந்தப் பக்கம் விசா கிடைக்கும், போங்க" என்று இந்தப் பக்க அதிகாரி சொன்னால் அது அவருக்குத் தெரிந்த தகவல், அவ்வளவுதான், அதற்கு அவர் பொறுப்பாக மாட்டார்.

இரண்டாவது கவுன்டருக்கும் மூன்றாவது கவுன்டருக்கும் இடைப்பட்ட துண்டைத்தான் பேச்சுவழக்கில் நோ மேன்ஸ் லேண்ட் என்கிறார்கள், யாருக்கும் சொந்தமில்லாத நிலம். பெரும்பாலும் அது சட்டப்படி இரண்டில் ஏதோ ஒரு நாட்டுக்குச் சொந்தமான நிலம்தான். ஆனால் பயணியின் கோணத்தில் அந்தப் பெயர் பொருந்துகிறது: ஒரு நாட்டிலிருந்து கணக்குப்படி வெளியேறிவிட்டீர்கள், இன்னொரு நாடு இன்னும் உங்களை ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த நான்கும் எல்லா இடத்திலும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் நடுவே சிருண்டு என்ற இடத்தில், 2009 முதல் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் வேலை செய்கிறார்கள். அங்கே ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தினால் போதும். பிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலில் பிரிட்டன் போகிறவர்களைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் பிரான்ஸ் மண்ணிலேயே சோதித்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வெளியேறும்போது இமிகிரேஷன் கவுன்டரே கிடையாது. நீங்கள் கனடாவுக்குள் நுழைந்த பதிவுதான் அமெரிக்காவிலிருந்து கிளம்பியதற்கான பதிவாக அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது. கவுன்டர் எத்தனை இருந்தாலும் சட்டம் இரண்டுதான்.

விமானத்தில் வேறொருவர் பார்த்துவிடுவார், இங்கே பார்க்க ஆள் இல்லை

தரைவழிப் பயணம் ஏன் இவ்வளவு பேரைக் கவிழ்க்கிறது என்றால் காரணம் இதுதான். தகுந்த ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனத்துக்கு அபராதம், அவரைத் திருப்பி அழைத்துவரும் செலவும் அதன் தலையில்தான் விழும். அதனால் போர்டிங் பாஸ் கொடுப்பதற்கு முன்னால் ஊழியர் டிமாட்டிக் என்ற தகவல் தொகுப்பில் உங்கள் பாஸ்போர்ட், விசா, போகும் நாடு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பாஸ்போர்ட் காலாவதியாக நான்கு மாதம்தான் இருக்கிறது, போகும் நாடோ ஆறு மாதம் கேட்கிறது என்றால், அங்கேயே, உங்கள் ஊர் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார். எரிச்சலாக இருக்கும், ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாம்.

நடந்தோ டாக்சியிலோ எல்லைக்குப் போகிறவரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. சில சர்வதேசப் பேருந்துகளும் ரயில்களும் பார்க்கின்றன, எல்லாமும் அல்ல. வெளியேற்ற முத்திரை குத்தும் அதிகாரியும் நீங்கள் வெளியேறலாமா என்று பார்ப்பாரே தவிர, அடுத்த நாடு உங்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்று பார்க்கக் கடமைப்பட்டவர் இல்லை. ஆக, தவறு தெரியவரும் முதல் இடமே மூன்றாவது கவுன்டராக இருக்கலாம். அதற்குள் இரண்டு கவுன்டரைத் தாண்டியிருப்பீர்கள்.

வெளியேறிவிட்டீர்கள், நுழைய முடியவில்லை: அப்புறம்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாச் சிக்கலையும்விட இது கடுமையானது.

சர்வதேசச் சட்டத்தில் ஒருவருக்குச் சொந்த நாட்டுக்குள் நுழைய உரிமை உண்டு. குடிமை அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. வேறு எந்த நாட்டுக்குள்ளும் நுழைய அப்படியோர் உரிமை கிடையாது. விசா என்பதும் நுழைவு அனுமதி இல்லை. வந்து கேட்கலாம் என்பதற்கான அனுமதிதான் அது. கடைசி முடிவு கவுன்டரில் இருக்கும் அதிகாரியுடையது.

இப்போது இரண்டு நிலைமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொந்த நாட்டிலிருந்து கிளம்பி அண்டை நாட்டால் மறுக்கப்படுகிறார்: திரும்பி நடந்தால் போதும், சொந்த நாடு சேர்த்துக்கொள்ளும், வெளியேற்ற முத்திரையை ரத்து செய்வார்கள். இன்னொருவர் மூன்றாம் நாட்டுக்காரர். 'அ' என்ற நாட்டில் ஒருமுறை நுழைவு விசாவில் சுற்றிவிட்டு, 'ஆ' என்ற நாட்டுக்குப் போக வெளியேற்ற முத்திரை வாங்கிவிட்டார். அந்த முத்திரையோடு அவருடைய 'அ' நாட்டு விசா தீர்ந்துபோனது. 'ஆ' மறுத்தால்? நடைமுறையில் பல இடங்களில் 'அ' நாட்டு அதிகாரிகள் முத்திரையை ரத்துசெய்து திரும்ப ஏற்கிறார்கள். ஆனால் அது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. அதற்காக மணிக்கணக்கில், சிலசமயம் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டிவரும்.

அதனால் தரைவழியில் கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி "அந்த நாட்டுக்குள் போக முடியுமா?" என்பது மட்டும் இல்லை, "முடியாவிட்டால் இந்த நாட்டுக்குள் திரும்பி வர முடியுமா?" என்பதும்தான். விசா ஒருமுறை நுழைவுக்கானதா, இருமுறையா, பலமுறையா என்று அந்த ஒட்டுத்தாளிலேயே இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் அடிக்கடி மாட்டுகிறவர்கள் சீனாவிலிருந்து ஹாங்காங்குக்கு ஒருநாள் போய்வர நினைப்பவர்கள். ஹாங்காங் சீனாவின் பகுதிதான், ஆனால் அதன் குடிநுழைவு முறை தனி. பக்கத்துச் சீன நகரமான ஷென்சென் வழியாக எல்லையைத் தாண்டினால் சீனாவிலிருந்து வெளியேறிய கணக்கு. ஒருமுறை நுழைவு விசாவில் வந்திருந்தால் அந்த விசாவை வைத்துத் திரும்ப உள்ளே வர முடியாது.

விசா சரி, இந்த வாசலுக்குச் சரியா?

ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட். ஆனாலும் விமான நிலையத்தில் ஒரு விதி, தரையில் ஒரு விதி. இதுதான் இரண்டாவது பொறி.

வருகையின்போது விசா, அதாவது எல்லையில் போய் இறங்கியதும் கொடுக்கும் விசா, எல்லா வாசலிலும் கிடைக்காது. ஜோர்டான் விமான நிலையத்தில் பல நாட்டவருக்குக் கிடைப்பது, ஜெருசலேம் பக்கத்திலிருந்து வரும் கிங் ஹுசைன் பாலத்தில் கிடைக்காது. அங்கே முன்கூட்டியே விசா எடுத்திருக்க வேண்டும். மின்விசாவும் இப்படித்தான். வியட்நாமின் மின்விசா, அரசு அறிவித்த நுழைவாயில்களின் பட்டியலில் இருக்கும் சாவடிகளில் மட்டுமே செல்லும். பட்டியலில் இல்லாத சின்னச் சாவடிக்குப் போய் நின்றால், கையில் இருக்கும் செல்லுபடியாகும் விசாவே அங்கே செல்லாது.

தலைகீழாகவும் நடக்கும். விசா தேவைப்படாத நாட்டவர் கனடாவுக்கு விமானத்தில் போனால் ஈடிஏ என்ற மின்னனுமதி வேண்டும், அமெரிக்காவிலிருந்து காரில் போனால் வேண்டாம். அதே ஆள், அமெரிக்காவிலும் விசா விலக்கு உள்ளவர் என்றால், திரும்பி அமெரிக்காவுக்குள் காரில் வரும்போது எஸ்டா என்ற அமெரிக்க மின்னனுமதி வேண்டும். 2022 அக்டோபர் 1-க்கு முன்பு தரைவழியில் அது தேவைப்படவில்லை, இப்போது தேவை. பழைய அனுபவத்தை வைத்து "போனமுறை யாரும் கேட்கவில்லையே" என்று போகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

இன்னொன்று, மின்வருகை அட்டைகள். முன்பு விமானத்தில் நிரப்பிய காகித அட்டைதான் இப்போது இணையப் படிவமாகிவிட்டது. சிங்கப்பூர், மலேசியா, 2025 மே 1 முதல் தாய்லாந்து என்று மூன்றிலும் இது உண்டு, பெரும்பாலான வெளிநாட்டவருக்கு, தரைவழியில் வந்தாலும்தான். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசுத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் என்றால் அது இடைத்தரகருடையது, மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் காலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாத விதி பல நாடுகளில் உண்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகளின் தொகுப்பில், விதி வேறு: கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பாஸ்போர்ட் வழங்கப்பட்டு பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. முத்திரைக்கு வெற்றுப் பக்கமும் வேண்டும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல எல்லைகளில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும், அதனால் கடைசி நேரத்தில் போட்டுக்கொண்டு பயனில்லை. 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும்.

முத்திரை என்னும் சாட்சி

ஒரு நாட்டுக்குள் நீங்கள் சட்டப்படி வந்தீர்கள் என்பதற்கு என்ன சாட்சி? நுழைவு முத்திரை. அது இல்லாமல் வெளியேறப் போனால், "எப்படி உள்ளே வந்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

விமான நிலையத்தில் கவுன்டரைத் தாண்டாமல் வெளியே வர முடியாது. தரையில் முடியும். சோனவுலி வழியாக இந்தியாவிலிருந்து நேபாளம் போகிறவர்களைப் பாருங்கள். இந்தியர்களும் நேபாளிகளும் 1950 ஒப்பந்தத்தின் பலனாக விசா இல்லாமல் போய் வருகிறார்கள். கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாட்டுக்காரர் அந்தக் கூட்டத்தோடு நடந்தால், யாரும் தடுக்காமலே அந்தப் பக்கம் போய்விடலாம், கடைத்தெருவோடு இருக்கும் இமிகிரேஷன் அலுவலகத்தைக் கண்ணில் படாமலே தாண்டிவிடலாம். பிறகு காத்மாண்டு விமான நிலையத்தில் கிளம்பும்போது நேபாளத்துக்குள் நுழைந்த முத்திரை இல்லை, இந்தியாவை விட்டு வெளியேறிய முத்திரையும் இல்லை. அதைத் தேடிப் போய் வாங்கிக்கொள்வது பயணியின் வேலை.

அயர்லாந்துத் தீவில் இன்னும் நுட்பமான நிலைமை. அயர்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே சோதனைச்சாவடி இல்லை. சாலைப் பலகையில் தூரம் கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியது தெரியும். ஆனால் வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. பிரிட்டனுக்கு விசாவோ ஈடிஏ அனுமதியோ தேவைப்படும் சுற்றுலாப் பயணிக்கு, விலக்குகள் சில இருந்தாலும், இங்கேயும் அது தேவை. தடுப்பு இல்லை என்பதற்காகச் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது.

முத்திரை இருந்தாலும் சிக்கல் வரக்கூடிய இடங்கள் உண்டு, இரண்டு தரப்பும் எல்லை எது என்பதிலேயே ஒத்துப்போகாத இடங்கள். கொசோவோவுக்கு அல்பேனியா வழியாகவோ விமானத்திலோ போய்விட்டு, அங்கிருந்து நேராகச் செர்பியாவுக்குள் நுழைய முயன்றால் மறுக்கப்படலாம். செர்பியாவின் பார்வையில் கொசோவோ அதன் பகுதி, நீங்கள் செர்பியாவுக்குள் முத்திரை இல்லாமல் வந்துவிட்டவர். ஜார்ஜியா தன் பகுதி என்று சொல்லும் அப்காசியாவுக்கு ரஷ்யப் பக்கத்திலிருந்து நுழைந்தால் ஜார்ஜியாவின் 2008 சட்டப்படி அது குற்றம். பிறகு ஜார்ஜியாவுக்குள் போனால் அதற்காகத் தண்டிக்கப்படலாம். எந்த வரிசையில் போகிறோம் என்பதே இங்கே சட்டப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

சரி, முத்திரை கையில் கிடைத்ததும் என்ன பார்க்க வேண்டும்?

1. தேதி சரியா, படிக்க முடிகிறதா.
2. நுழைவு முத்திரையா, வெளியேற்ற முத்திரையா. ஷெங்கன் முத்திரையில் அம்புக்குறி இதைக் காட்டும், பக்கத்தில் கார், ரயில், கப்பல், விமானம் என்று வந்த வழிக்கு ஒரு சின்னப் படமும் இருக்கும்.
3. எத்தனை நாள் அனுமதி என்று கையால் எழுதியிருந்தால் அந்த எண். நீங்கள் கேட்டதும் அவர் கொடுத்ததும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

பேருந்திலோ ரயிலிலோ பாஸ்போர்ட்டுகளைக் கட்டாக வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுக்கும் எல்லைகளில் இதை அங்கேயே, வண்டி கிளம்புவதற்கு முன் பாருங்கள். நூறு கிலோமீட்டர் தாண்டிய பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

ஐரோப்பாவில் முத்திரையே போகிறது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் வெளி எல்லைகளில் நுழைவு வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக அமலுக்கு வந்தது, 2026 ஏப்ரல் 10-ல் முழுமையாகும்படி திட்டமிட்டிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அல்லாத குறுகிய காலப் பயணிகளின் முகப்படமும் விரல்ரேகையும் எடுத்து, வந்த தேதி போன தேதி எல்லாம் கணினியில் ஏறும். முதல்முறை பதியும்போது நேரம் பிடிக்கும். முக்கியமான விளைவு வேறு: மங்கிய முத்திரை, விட்டுப்போன முத்திரை என்று முன்பு தப்பித்த நாள் கணக்குப் பிழைகள் இனித் தானாகவே திரையில் வந்து நிற்கும்.

நாள் கணக்கை எப்படிப் போடுவது

ஷெங்கனின் விதி, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது. "எந்த" என்ற சொல்தான் குழப்புகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒருவர் ஜனவரி 1-ல் நுழைந்து 30-ல் கிளம்புகிறார். நுழைந்த நாள், கிளம்பிய நாள் இரண்டும் கணக்கில் சேரும், ஆக 30 நாள். ஏப்ரல் 1-ல் மறுபடி வருகிறார். பின்னோக்கிப் பார்த்தால் அந்த 30 நாளும் 180 நாளுக்குள்ளேயே இருக்கின்றன, அதனால் மிச்சம் 60. மே 30-ல் கிளம்பிவிட வேண்டும். ஜனவரி 1 என்ற முதல் நாள் கணக்கிலிருந்து கழன்று விழுவது, லீப் அல்லாத வருடத்தில், ஜூன் 30 அன்றுதான். நடுவில் செர்பியாவுக்கோ துருக்கிக்கோ போய்வந்தால் எதுவும் புதுப்பிக்கப்படாது, முழுதாக வெளியே இருந்த நாட்கள் மட்டும் செலவாகாது, அவ்வளவே. ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லையிலும் முழுதாகச் சேர்ந்துவிட்டன, அதனால் முன்பு "வெளியே" இருந்து நாள் மிச்சப்படுத்த உதவிய அந்த இரண்டு நாடுகளும் இப்போது "உள்ளே".

அமெரிக்காவுக்கு விசா விலக்கில் வந்தவர் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ சில நாள் போய்விட்டு வந்தாலும் இதே கதைதான், அவருடைய 90 நாள் பொதுவாக முதல் நுழைவிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். விசா புதுப்பிக்க எல்லை வரை போய்த் திரும்புவது என்ற பழக்கம் ஒரு நாட்டில் செல்லும், பக்கத்து நாட்டில் செல்லாது. செல்லும் இடத்திலும் அடிக்கடி செய்தால், இவர் சுற்றுலாப் பயணியா, இங்கேயே வாழ்கிறவரா என்ற சந்தேகம் அதிகாரிக்கு வருவது நியாயமே.

சுங்கத்தில் தெரியாமல் செய்த தவறும் தவறுதான்

பணம். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் எடுத்து வந்தாலோ எடுத்துப் போனாலோ அறிவிக்க வேண்டும். எடுத்துப் போவது குற்றமில்லை, சொல்லாமல் போவதுதான் குற்றம். குடும்பத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அறிவிப்பைத் தவிர்க்கப் பிரிப்பதே அமெரிக்காவில் தனிக் குற்றம்.

மருந்து. கோடீன், டிரமடால், டயசிபாம் போன்றவை ஒரு நாட்டில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கும், இன்னொரு நாட்டில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். அட்டையிலிருந்து பிரித்துச் சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மூல உறை, உங்கள் பெயருள்ள மருந்துச்சீட்டு இரண்டும் கூடவே இருக்கட்டும். கஞ்சா இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் சட்டப்படி வாங்கலாம், எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள அமெரிக்க மாநிலம் வாஷிங்டனிலும் வாங்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையை அதோடு கடந்தால், எந்தத் திசையில் போனாலும், குற்றம்.

இறைச்சி, பழம், விதை, மண் ஒட்டிய செடி எல்லாம் நோய் பரவும் வழிகள் என்பதால் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். சந்தேகமாக இருந்தால் படிவத்தில் எழுதிவிடுங்கள். அறிவித்த பொருளைப் பெரும்பாலும் வாங்கிப் போட்டுவிடுவார்கள், மறைத்த பொருளுக்கு அபராதம்.

திசையைப் பொறுத்து விதி மாறுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு சிங்கப்பூர்-மலேசியா. மற்ற நாடுகளிலிருந்து சிங்கப்பூர் வருகிறவருக்கு மதுபானத்தில் கிடைக்கும் வரிச்சலுகை மலேசியாவிலிருந்து வருகிறவருக்குக் கிடையாது. சிங்கப்பூரில் பதிந்த கார் மலேசியாவுக்குப் போகும்போது எரிபொருள் தொட்டி முக்கால் அளவாவது நிரம்பியிருக்க வேண்டும். மின்சிகரெட்டைச் சிங்கப்பூருக்குள் கொண்டு போகவே கூடாது.

அப்புறம், வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாதவர் "இந்தப் பையை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுங்களேன்" என்றால், அவர் வயதானவராக இருந்தாலும், கெஞ்சினாலும், வாங்காதீர்கள். யார் கையில் இருக்கிறதோ அவர் பொருள்.

வண்டியோடு போனால்

ஆளுக்கு விசா மாதிரி வண்டிக்கும் தற்காலிக இறக்குமதி அனுமதி வேண்டும். பல நாடுகள் அதற்குக் கார்னெட் என்ற ஆவணத்தைக் கேட்கின்றன: மோட்டார் சங்கம் கொடுக்கும் உத்தரவாதம் அது, வண்டியை அங்கேயே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவேன், இல்லையென்றால் இறக்குமதி வரியைக் கட்டுகிறேன் என்று. வெளியேறும்போது அதிலும் முத்திரை வாங்க வேண்டும். மறந்தால் வண்டி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாலும் வரி கேட்டுக் கடிதம் வரும்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் 1949, 1968 என்று இரண்டு ஒப்பந்தங்களின்படி இரண்டு வகை உண்டு, போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்க்க வேண்டும். காப்பீடு எல்லையைத் தாண்டிச் செல்லுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாடகைக் காராக இருந்தால் நாடு தாண்ட உரிமையாளரின் அனுமதிக் கடிதம். தாய்லாந்து-லாவோஸ் நட்புப் பாலத்தில் போல, சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறும் எல்லைகளும் இருக்கின்றன. முதல் அரைமணி நேரம் மெதுவாகப் போங்கள்.

எல்லை மூடுவது

விமானம் ரத்தானால் வேறு வழியில் இன்னொரு விமானம் கிடைக்கும். தரைச்சாவடி மூடினால் அந்தச் சாலை அங்கேயே முடிந்தது. 2025 ஏப்ரல் 23-ல் இந்தியா அட்டாரியை மூடுவதாக அறிவித்தபோது, முறையான ஆவணத்தோடு ஏற்கெனவே கடந்து வந்தவர்கள் மே 1-க்குள் அதே வழியில் திரும்பலாம் என்றது. ஆக கையில் இருந்தது சுமார் ஒரு வாரம். தாய்லாந்து-கம்போடியா எல்லையில் சாவடிகள் மூடி ஒரு மாதத்தில் சண்டையே தொடங்கிவிட்டது. போலந்து 2025 செப்டம்பரில் பெலாரஸ் எல்லையை கிட்டத்தட்ட இரண்டு வாரம் மூடித் திறந்தது. ரஷ்யாவுடனான தரைச்சாவடிகளைப் பின்லாந்து மூடியது 2023 டிசம்பரில். மொராக்கோ-அல்ஜீரியா தரை எல்லை மூடியது 1994-ல்.

இரண்டு வாரமா, முப்பது வருடமா என்பது மூடும் நாளில் யாருக்கும் தெரியாது. அதனால் எல்லைத் தகராறு உள்ள இடத்தில் தரைவழித் திட்டம் போட்டால், விமானத்தில் திரும்புவதற்கான பணமும், அந்த வழிக்குச் செல்லுபடியாகும் விசாவும் தனியாக இருக்க வேண்டும்.

சாதாரண நாளிலும் நேரத்தைப் பாருங்கள். பல சாவடிகள் இரவில் மூடும், சில விடுமுறை நாளிலும் மூடும். அறிவிப்பில் உள்ள மணி எந்த நாட்டு மணி என்பதும் முக்கியம்: இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் கால் மணி நேரம் வித்தியாசம். எல்லை அருகே கைபேசி மறுபக்கக் கோபுரத்தைப் பிடித்துத் தானாகவே மணியை மாற்றிக் காட்டும், ரோமிங் கட்டணத்தையும் ஏற்றும். இணையம் கிடைக்காமலும் போகலாம் என்பதால் விசா, தங்கும் இடம், திரும்பும் பயணச்சீட்டு எல்லாவற்றையும் காகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையோடு ஒரு பெற்றோர் மட்டும் போகிறார் என்றால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் சேர்த்து.

கவுன்டருக்கு முன்னால்

எங்கே போகிறாய், எத்தனை நாள், எங்கே தங்குகிறாய், செலவுக்கு என்ன வழி, எப்போது கிளம்புவாய். கேள்விகள் இவ்வளவுதான். சுருக்கமாக, உண்மையாக, கையிலுள்ள காகிதத்தோடு ஒத்துப்போகிற மாதிரி பதில் சொன்னால் போதும். சுற்றுலா விசாவில் வந்துவிட்டு "கொஞ்சம் வேலையும் பார்ப்பேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுக்கப்பட்டவர்கள் நிறையப் பேர். அங்கே படம் எடுக்காதீர்கள். அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் கைபேசி, மடிக்கணினியையும் திறந்து பார்க்கும் அதிகாரம் எல்லை அதிகாரிக்கு உண்டு.

கவுன்டருக்கு வெளியே சீருடை மாதிரி எதையோ போட்டுக்கொண்டு "இங்கேதான் விசா, பணத்தைக் கொடுங்க" என்கிறவர்கள் பல எல்லைகளில் நிற்கிறார்கள். கம்போடியாவின் போய்பெட் இதற்கே பெயர்போனது. அரசு ஜன்னலில் மட்டும் பணம் கொடுங்கள், ரசீது கேளுங்கள், பாஸ்போர்ட்டை வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

மறுக்கப்பட்டால் சத்தம் போட்டு ஆவது ஒன்றுமில்லை. மூன்று விஷயங்களைக் கேளுங்கள்:

1. மறுத்ததற்கான காரணம் எழுத்தில். ஷெங்கன் எல்லையில் இதற்குத் தனிப் படிவமே உண்டு, மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு.
2. நானே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று. அமெரிக்காவில் அதிகாரி சம்மதித்தால் இது முடியும். இல்லாமல் விரைவு வெளியேற்ற ஆணை விழுந்தால் பொதுவாக ஐந்து வருடத் தடை. புரியாத மொழியில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.
3. தடுத்து வைத்தால், தூதரகத்துக்குச் சொல்லும்படி. 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவு, காவலில் வைக்கப்பட்ட வெளிநாட்டவர் கேட்டுக்கொண்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்கச் சொல்கிறது. நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் தூதரக எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு துண்டுச்சீட்டிலும் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கைபேசியை அவர்கள் வாங்கி வைத்திருக்கலாம்.